ஈமக்கடன் யாரிடம் பட்ட கடன்?

கடன் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் வழங்குவதை வாசகர் அறிவர். கொடுத்தவனுக்குத் திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். நீர்க்கடன், ஈமக்கடன், இறுதிக்கடன் என்று இறந்தோர் பொருட்டுச் செய்வனவற்றை நம் முன்னோர் இரண்டாம் பொருளிலேயே குறித்தனர். தோட்டத்து அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணக்கெழுதிவரும் நமக்கோ, இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று கலந்து பிரிக்க முடியாதபடி ஆகிவிட்டனவோ என்னும் ஐயம் அடிக்கடி எழுவதுண்டு.

சென்ற மாதச் சம்பளம் பட்டுவாடா செய்த மூன்றாம் நாள் மாலை, உரம் போடும் பிரிவில் வேலை செய்யும் தோழர் ஒருவர் நம் மேசை முன் வந்து நின்றார். அவருடைய தந்தையார் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் கருமாதிக்கு நாலாயிரம் வெள்ளி முன்பணம் வேண்டும் என்றார். இதே தோழர், தந்தையார் சிறுநீரகக் கோளாற்றால் படுத்திருந்த எட்டு மாதமும், வாரம் மும்முறை அவரைப் பட்டணத்து இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வாடகைக் காருக்குப் பணமின்றித் திண்டாடியவர். ஒரே ஒருமுறைதான் நம்மிடம் இருநூறு வெள்ளி கைம்மாற்றுக் கேட்டார். அதையும் கதவுக்கு வெளியே அரைமணி நேரம் நின்று, மற்றவர்கள் போனபின் கேட்டார். உயிரோடிருந்த தந்தைக்காக இருநூறு கேட்க நாணிய வாய், இறந்த தந்தைக்காக நாலாயிரம் கேட்க நாணவில்லை. இதைச் சொல்லி அவரை இகழ்வது நம் கருத்தன்று. நோயாளியைக் காரில் ஏற்றுவதை லயத்தில் யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. பதினாறாம் நாள் எத்தனை இலை விழுந்தது என்பதை எல்லோரும் எண்ணுவர்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. இறந்தவர்க்கு நாம் எதையேனும் கடன்பட்டிருக்கின்றோமா? பட்டிருக்கின்றோமெனின், அதை வாங்கிக்கொள்ள வருபவர் யார்? இக்கேள்வியை நாமாக எழுப்பிக்கொண்டதில்லை. மனிதன் பிணத்தைக் கண்டு முதன்முதலாகத் திகைத்து நின்ற நாள்முதல் எல்லா நாட்டாரும் எழுப்பி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கூறிச் சென்றிருக்கின்றனர்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்திருக்கிறார். பாரசீகப் பேரரசன் டேரியஸ் தன் அவையிலிருந்த கிரேக்கரை அழைத்து, எவ்வளவு பொருள் கொடுத்தால் உங்கள் தந்தையரின் பிணத்தைத் தின்பீர்கள் என்று கேட்டானாம். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றனர் அவர்கள். பிறகு, பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுடைய கல்லாத்தியர் என்னும் இந்தியக் கூட்டத்தாரை அழைத்து, எவ்வளவு கொடுத்தால் தந்தையைத் தீயிலிட்டு எரிப்பீர்கள் என்று கேட்டான். அவர்கள் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக அலறி, அத்தகைய சொல்லை வாயாற் சொல்லவும் வேண்டாம் என்று மன்றாடினர். கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும் ஆகுக. தந்தையை எரிப்பவன் எரிக்காதவனைக் கண்டு அருவருக்கிறான். எரிக்காதவன் எரிப்பவனைக் கண்டு நடுங்குகிறான். இருவரும் தந்தையை நேசித்தவர்களே. ஒருவன் அன்பு மற்றவன் கண்ணுக்குக் கொடுமையாய்த் தோன்றுகிறது.

இதை அறிய நாம் பாரசீகத்திற்குப் போகவேண்டுவதில்லை. நம் தோட்டத்தைச் சுற்றி ஒரு மைல் நடந்தால் போதும். கம்போங் ஓரத்தில் மலாய்க்காரர் இடுகாடு. அங்கே உடல் பெரும்பாலும் இறந்த அன்றைக்கே நீராட்டப்பட்டு, ஆணாயின் மூன்று, பெண்ணாயின் ஐந்து வெள்ளைத் துணிகளில் பொதியப்பட்டு, முகம் மக்காவின் திசை நோக்கும்படி மண்ணில் வைக்கப்படுகிறது. அரசனுக்கும் அதே துணி, அங்காடிக்காரனுக்கும் அதே துணி. இறந்தவனுக்கு உறவினர் இல்லாவிடினும், ஊரில் சிலர் கூடி அதைச் செய்தாகவேண்டும். ஒருவருமே செய்யாவிடின் ஊர் முழுவதும் குற்றவாளி என்பது அவர்கள் சட்டம். குன்றின் சரிவில் சீனர் கல்லறைகள். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் செங் மெங் நாளன்று பிள்ளைகளும் பேரர்களும் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து புல்வெட்டி, பன்றியிறைச்சியும் ஆரஞ்சும் படைத்து, தாள்பணம் எரிக்கின்றனர். அவர்களுடைய ஏழாம் மாதத்திலோ, பிள்ளையில்லாத ஆவிகளுக்கும் பசிக்குமே என்று தெருவோரத்தில் சோறு வைக்கின்றனர். இந்த ஒன்றுக்காக அவ்வழக்கத்தின் மேல் நமக்கு ஒரு மதிப்பு உண்டு. யார் பெற்ற பிள்ளையோ, யார் தந்தையோ, பசித்திருப்பானே என்று நினைப்பது சிறிய நினைப்பன்று. ஓடைக்கு அப்பால் நம்மவர் சுடலை. காக்கைக்குச் சோறு வைத்தல், பதினாறு, தலைத்திவசம், ஆடி அமாவாசை, எல்லாம் வாசகர் அறிந்தவை.

இறந்தவர் எங்கே போகிறார் என்று கேட்டால் இம்மூவரும் மூன்று வழியைக் காட்டுவர். கல்லறைக்கும் இறுதித் தீர்ப்பு நாளுக்கும் இடையேயுள்ள அலாம் பர்ஸாக்கில் காத்திருக்கிறார் என்பர் முஸ்லிம்கள். நரகத்தின் பத்து மன்றங்களில் விசாரணை நடக்கிறது என்பர் சீனர். நாமோ, அவர் பிதிர்லோகத்தில் எள்ளும் தண்ணீரும் எதிர்பார்த்து இருக்கிறார் என்றும் சொல்லுகிறோம். வினைக்கேற்ப வேறு பிறவி எடுத்துவிட்டார் என்றும் சொல்லுகிறோம். ஈப்போவில் எங்கோ ஒரு வீட்டில் குழந்தையாய்ப் பிறந்து பால்குடித்துக்கொண்டிருப்பவர், நம் வீட்டுக் கூரைமேல் காக்கையாய் வந்து வடை தின்பது எங்ஙனம் என்று சிறு வயதில் நாம் கேட்டதுண்டு. விடையாகக் கிடைத்தது ஒரு குட்டு.

இவ்வளவு வேறுபட்ட வழிகளில் ஒன்று மெய்யாயின் ஏனையவை பொய்யாதல் வேண்டும். ஆனால் எல்லா வழியிலும் ஒரு சுங்கச் சாவடி நிற்கக் காண்கின்றோம். பழைய எகிப்தில், இறந்தவனின் நெஞ்சைத் துலாக்கோலின் ஒரு தட்டிலும், உண்மையின் அடையாளமான இறகை மறு தட்டிலும் வைத்து நிறுப்பர் என்று நம்பினர். நெஞ்சு கனத்தால் முதலைத் தலையுடைய விலங்கு அதனை விழுங்கிவிடும். எவ்வளவு உயர்ந்த கற்பனை! நெஞ்சத்தின் கனமே தீர்ப்பு என்பதைவிட நேரிய நீதி வேறென்ன? ஆயினும் அத்துலாக்கோலை ஏமாற்றுதற்கான மந்திரங்களைப் பாப்பிரஸ் சுருளில் எழுதி, வாங்குவோன் பெயருக்கு மட்டும் இடம் விட்டு விற்பனைக்கு வைத்திருந்தனர். அவ்விடம் நிரப்பப்படாமலே போன சுருள்களும் உண்டு. ஐரோப்பாவில் 1517-ஆம் ஆண்டு டெட்ஸல் என்னும் துறவி ஊர் ஊராய்ச் சென்று, இறந்த பெற்றோரின் ஆவிகளைத் துப்புரவுத் தீயினின்று மீட்பதற்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார். ரோமாபுரியில் புனித பேதுரு ஆலயம் கட்டுவதற்கென்று சொல்லப்பட்ட அப்பணத்தில் ஒரு பாதி, ஓர் அத்தியட்சர் தம் பதவிக்காக வாங்கியிருந்த கடனை அடைக்கச் சென்றது. தாய் நெருப்பில் கிடக்கிறாள் என்று கேட்ட பிறகு எந்த மகன் மடியை அவிழ்க்காமல் இருப்பான்? மார்ட்டின் லூத்தர் அவ்வாண்டு அக்டோபரில் எழுப்பிய தொண்ணூற்றைந்து கருத்துகளும் இச்சீட்டு வாணிகத்தை எதிர்த்தே எழுந்தன.

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் மலைநாட்டில் வாழும் தொராஜா மக்களின் வழக்கம் இவை எல்லாவற்றினும் வியப்பானது. அவர்களிடையே மூச்சு நின்றவர் உடனே இறந்தவராகக் கருதப்படுவதில்லை, அவர் நோயாளி. வீட்டின் ஒரு புறத்தில் உடலைக் கெடாமற் பதனிட்டு வைத்து, மாதக்கணக்கில், சில குடும்பங்களில் ஆண்டுக்கணக்கில், உணவு வைத்துப் பேச்சுக் கொடுத்து வருகின்றனர். எருமைகளைப் பலியிடும் பெரு விழா நடந்த பிறகுதான் அவர் இறந்தவர். அவ்வெருமைகளே அவரைப் பூயா என்னும் ஆவியுலகுக்கு இட்டுச் செல்கின்றன. இன்று அவர்களிற் பெரும்பாலோர் கிறிஸ்தவராயினும் விழா நின்றபாடில்லை. உறவினர் கொண்டுவரும் எருமையும் பன்றியும் அன்பளிப்பாகக் கருதப்படுவதில்லை. இன்னார் கொடுத்தது இன்ன அளவு என்று குறித்துவைத்து, அவர் வீட்டுச் சாவுக்கு அதே மதிப்பில் திருப்பவேண்டும். பாட்டன் வாங்கிய எருமையைப் பேரன் அடைக்கிறான். நம் மொய்ப்பணக் குறிப்பேட்டை நினைந்து கொள்க. ஈமக்கடனில் உள்ள ‘கடன்’ என்னும் சொல்லை அவர்கள் நம்மைவிட ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்ளுகின்றனர் என்றே கூறவேண்டும்.

எந்த நாட்டிலும் இதைக் கண்டு பொறுக்காமல் குரல் எழுப்பியவர்கள் இருந்தே வந்திருக்கின்றனர். சீனத்தில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டளவில் மோ ஸி என்னும் அறிஞர், மூன்று அங்குலப் பலகைப் பெட்டியும் மூன்று ஆடையும் எந்தப் பிணத்திற்கும் போதும், அதற்குமேற் செலவிடுவது உயிரோடிருப்பவர் வாய்ச்சோற்றைப் பறிப்பது என்று வாதித்தார். நம் நாட்டு உலகாயதரின் வாதத்தை, அவர்களை மறுக்கப் புகுந்த மாதவாசாரியரே பதினான்காம் நூற்றாண்டில் தம் சர்வதரிசன சங்கிரகத்தில் எழுதிக் காத்துவைத்தார். இங்கே படைக்கும் சோறு அங்கே போனவன் பசியைத் தீர்க்குமாயின், வெளியூர் செல்வோன் கட்டுச்சோறு சுமப்பது ஏன்? வீட்டில் அவன் பேரால் ஓர் இலை போட்டால் போதாதா? இதற்கு இன்றளவும் நேரான விடையை யாரும் கூறக் கேட்டோமில்லை. வடலூர் இராமலிங்கரோ, பிணத்தைச் சுடுதல் ஆகாது, கருமாதியும் திதியும் வேண்டா என்று தம் அன்பர்களுக்குத் தெளிவாகவே கூறினார். மலாய் முஸ்லிம்களிடையே சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காவும் மூடா எனப்பட்ட சீர்திருத்தக் கூட்டத்தார், சாவு வீட்டில் நடக்கும் கெண்டூரி விருந்தைக் கண்டித்து எழுதினர். அவர்கள் சமயச் சட்டப்படியே, இறந்தவன் விட்ட பொருளில் அடக்கச் செலவு போக, அடுத்து அவன் பட்ட கடனை அடைக்கவேண்டும். அதன் பின்னரே வாரிசுக்குப் பங்கு. இம்முறையை எல்லாச் சமயத்தாரும் மேற்கொண்டால் நம் போன்ற கிராணிகளுக்குப் பாதி வேலை குறையும்.

நிற்க.

சிங்கப்பூரில் அத்தையார் வீட்டில் தங்கி ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்ற நாளில், எப்பிக்கூரஸ் என்னும் கிரேக்க ஞானியைப் பற்றிய சிறு நூலொன்று நம் கைக்குக் கிடைத்தது. அவர் காலம் கி.மு. 341 முதல் 270 வரை. நாம் இருக்கும் வரையில் சாவு நம்மிடம் வரவில்லை. அது வந்தபோது நாம் இருக்கமாட்டோம். சந்திக்கவே போகாத ஒன்றுக்கு அஞ்சுவானேன் என்பது அவர் கொள்கையின் சாரம். பதினாறு வயதில் இதைப் படித்தவனுக்கு உலகமே கைக்குள் வந்துவிட்டாற்போல் இருந்தது. காக்கை வடை தின்னும் கேள்விக்குக் குட்டு வாங்கியவனுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட துணைவர் ஒருவர் கிடைத்துவிட்டார்!

அத்துணைவரின் பலத்தில்தான், நான்கு ஆண்டுகட்கு முன் நம் தந்தையார் இறந்தபோது, கருமாதி வேண்டாம் என்று நாம் உறுதியாய் நின்றோம். புரோகிதரை அழைக்கவில்லை. செலவாகியிருக்கக்கூடிய ஆயிரத்தைந்நூறு வெள்ளிக்கு நூல்கள் வாங்கித் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்தோம். உறவினர் முணுமுணுத்தனர், பொருட்படுத்தவில்லை. கூடியிருந்தோர் முன் சிறு சொற்பொழிவும் ஆற்றினோம் என்று சொல்லிக்கொள்ள இப்போது சிறிது வெட்கமாயிருக்கிறது. கொடுத்த நூல்களைக் குறித்து வெட்கமில்லை. அவை இன்றும் படிக்கப்படுகின்றன. சொற்பொழிவைக் குறித்தே வெட்கம்.

ஏனெனில், அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில், நம் தாயார் தந்தையாரின் நாற்காலியருகே முக்காலியில் ஒரு கோப்பைக் கறுப்புக் காப்பியை வைத்துவிட்டு நிற்கக் கண்டோம். ஐந்தரை மணிப் பெரட்டுக்குப் போகுமுன் அவர் குடிக்கும் காப்பி. முப்பத்தாறு ஆண்டு வழக்கம். நமக்குச் சினம் வந்தது. “அப்பா வந்து குடிக்கப்போகிறாரா, அம்மா?” என்று கேட்டுவிட்டோம். தாயார் திரும்பிப் பார்த்தார். “குடிக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதாய்யா? இந்த நேரத்துக்கு என் கைக்கு வேற வேலை தெரியலையே” என்றார். சற்று நேரங் கழித்துக் காப்பியைத் தாமே எடுத்துக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார். உலகாயதர் வாதம் நம்மிடம் இருந்தது, எப்பிக்கூரஸும் இருந்தார், இரண்டையும் அந்தக் கோப்பையின் முன் எடுத்துவைக்க நமக்கு வாய் எழவில்லை. அம்மையார் எந்தப் பொய்யையும் நம்பவில்லையே! நம்பாதவரிடம் மறுப்பு எதற்கு?

பிற்பாடு எப்பிக்கூரஸின் வாழ்க்கையை முழுவதும் தேடிப் படித்தோம். அவர் எழுதிவைத்த உயில் நமக்குக் கிடைத்திருக்கிறது. தம் சொத்தின் வருவாயிலிருந்து, இறந்துபோன தந்தை தாயார்க்கும் உடன்பிறந்தார்க்கும் ஆண்டுதோறும் படையல் செய்யவேண்டும். தம் பிறந்தநாளைக் கொண்டாட வேண்டும். தமக்கு முன்னே இறந்த நண்பர் மெத்ரதோரஸையும் தம்மையும் நினைந்து மாதந்தோறும் இருபதாம் நாள் மாணவர் கூடவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார். சாவு ஒன்றுமில்லை என்றவர் எழுதிய உயில் இது! சிசரோ முதலிய பிற்காலத்தார் இதை முரண்பாடென்று எள்ளினர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். பிறகு நம் தாயாரின் காப்பிக் கோப்பை நினைவுக்கு வந்தது. இறந்தவர் உண்பதில்லை என்று தெளிவாய் அறிந்த ஒருவர், அறிந்தே, தந்தை தாய்க்கு இலை போடச் சொல்லுகிறார். சீனத்தில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சுன் ஸி என்பாரும் இதனையே வேறு விதமாகக் கண்டார்: அறிவுடையோர்க்கு இறந்தோர்க்கிடும் படையல் மனிதர் செய்யும் காரியம், பொதுமக்களுக்கோ அது ஆவிகளின் காரியம் என்றார்.

அப்படியாயின், சடங்கெல்லாம் வாழ்வோரின் ஆறுதலுக்கே என்று முடிவு கட்டிவிடலாமா? படித்த நண்பர் பலர் இன்று அவ்வாறு சொல்லி எளிதில் தப்பித்துக்கொள்ளுகின்றனர். நமக்கு அது போதவில்லை. ஆறுதலே நோக்கமாயின், ஆறுதல் வேண்டாதவன் பிணத்தைக் குப்பையில் எறியலாம் என்று ஆகிவிடும். அழுவதற்கு ஒருவருமில்லாதவன் இறந்தால் அவனுக்கு ஒன்றுமே செய்யவேண்டுவதில்லை என்றும் ஆகிவிடும். இவ்விரண்டையும் நம் நெஞ்சு ஒப்பவில்லை. கம்போங் மக்களின் சட்டமும், தெருவோரத்துச் சீனச் சோறும் ஒப்பவில்லை. இரண்டாண்டுக்கு முன் நம் தோட்டத்து நேப்பாளக் காவலர் ஒருவர் தூக்கத்திலேயே இறந்தபோது, உடலை ஊருக்கு அனுப்ப வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நம்மவரும் அறை அறையாய்ச் சென்று பணம் திரட்டினர். இங்கேயே எரித்துவிட்டால் செலவு மிச்சம் என்ற கணக்கு நம்மிடம் இருந்தது. அவருடைய தாயார் முகம் பார்க்கவேண்டும் என்கிறாராம் என்று ஒருவர் சொன்னார். கணக்கை மூடிவைத்துவிட்டுப் பட்டியலில் நம் பெயரையும் எழுதினோம்.

முகம் பார்க்க முடியாமற் போனவர்களைப் பற்றியும் நாம் ஒன்று சொல்லவேண்டும். நம் தந்தைவழிப் பாட்டியாரின் தகப்பனார், ஜப்பானியர் ஆட்சியின்போது 1943-இல் இத்தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில் வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர். 415 கிலோமீட்டர் நீளப் பாதையை 1942-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். அவ்வாண்டு மழைக்காலத்தில் பரவிய வாந்திபேதியில் முகாம் முகாமாய் மடிந்தனர். அங்கே இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாய் உள்ளன; கிட்டத்தட்ட ஏழாயிரம். அவர்களைவிடப் பன்மடங்கு இறந்த ஆசியத் தொழிலாளரை, அவர்களில் மலாயாத் தோட்டத்துத் தமிழரை, குவியலாய் எரித்தனர் அல்லது குழியில் தள்ளினர். பட்டியல் வைத்தவரில்லை. அந்த மூதாட்டியார், நம் பாட்டியாரின் தாயார், கணவர் இறந்தார் என்று சொல்ல ஒருவரும் வராததால் தாலியை அறுக்கவில்லை. பொட்டு வைத்துக்கொண்டால் ஊர் நகைக்கும். வைக்காவிடின் உயிரோடிருப்பவனுக்குத் தீங்கு நினைத்ததாகும். நாற்பத்தொரு ஆண்டு அப்படியே இருந்து, தாலியோடு இறந்தார். திவசம் செய்யத் திதி தெரியாது. ஆடி அமாவாசையன்று மட்டும், ஒருவேளை இறந்திருந்தால் என்று சொல்லிச் சிறிது எள் இறைப்பாராம். அந்த ‘ஒருவேளை’யைக் கேட்டுத்தான் நம் பாட்டியார் வளர்ந்தார்.

அம்முதியவர் எந்த உலகத்திலும் எதையும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை என்றே நாம் கருதுகின்றோம். எள்ளும் வேண்டாம், பிண்டமும் வேண்டாம். ஆயினும் அவருக்கு ஓர் அநீதி இழைக்கப்பட்டது என்பதும், அது அவர் மூச்சோடு முடிந்துவிடவில்லை என்பதும் நமக்கு ஐயமின்றித் தெரிகின்றன. செக்ரோலில் ஆள் பெயரை எழுதுபவன், ஒருநாள் பெயர் விட்டுப்போனால் அவன் கூலி போயிற்று என்பதை அறிவான். இவர்களுக்கோ உயிர் போனதே ஏட்டில் ஏறவில்லை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட பழந்தமிழ் நடுகற்களில், ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவன் பெயரும் ஊரும் சில சொற்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. மோட்சமும் நரகமும் அச்சொற்களில் இல்லை. இன்னவன், இங்கே, இதனால் இறந்தான் என்பது மட்டும். ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அக்கல், இறந்தவனுக்குச் சேரவேண்டிய முதற்கடன் எது என்பதை எந்தப் புராணத்தினும் தெளிவாய்க் கூறுவதாக நமக்குத் தோன்றுகிறது. காஞ்சனபுரியிலும் 2023-ஆம் ஆண்டில் அத்தொழிலாளர் நினைவாக ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. எண்பது ஆண்டு காலந்தாழ்த்த கடன்.

இனி, நம் மேசை முன் நின்ற தோழரிடம் திரும்புவோம். மறுநாள் அவரை அழைத்து, நாம் அறிந்த அளவில் எடுத்துரைத்தோம். நாலாயிரம் வேண்டாம், எண்ணூறு வெள்ளியில் லயத்தாருக்கு ஒரு வேளைச் சோறு போட்டு, தந்தையார் படத்தை வைத்து நான்கு பேர் அவரைப் பற்றிப் பேசினால் போதும், மிச்சமாவது பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஆகும் என்றோம். நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்:

“கிராணி ஐயா, அப்பாவை ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிட்டுப் போகாம விட்ட நாள் ஆறு. காசு இல்லைன்னு விட்டது நாலு. அசதியில தூங்கிட்டு விட்டது ரெண்டு. அந்த ரெண்டு நாளும் அவரு சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தாரு. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது.”

புரோகிதனை மறுக்க நமக்குத் தெரியும். ஊர் மெச்சச் செய்யும் ஆடம்பரத்தை மறுக்கவும் தெரியும். இவர் கடன் அவ்விரண்டிலும் சேரவில்லை. கடன் மெய்யாகவே பட்டிருக்கிறார், கொடுக்கவேண்டியவர் இருக்கிறார், வாங்கவேண்டியவர் இல்லை. மன்னிக்கத்தக்க ஒரே மனிதர் அவருடைய கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். இத்தகைய கடனோடு மனிதன் எங்கே போவான்? போக இடமில்லாத அக்கடனுக்கு ஓர் இடம் காட்டுகிறோம் என்றுதான் உலகத்துச் சமயங்களெல்லாம் இவ்வளவு காலம் கடை விரித்திருக்கின்றனவோ என்று அப்போது எண்ணினோம். டெட்ஸலின் பெட்டியில் காசு போட்ட தாய்மாரும் பிள்ளைகளும் எல்லோரும் மூடர் என்று முன்போல் இனிச் சொல்ல நமக்கு நா எழாது. பெட்டியைத் தூக்கிவந்தவனைப் பற்றிய நம் அபிப்பிராயமோ மாறவில்லை. அந்த நாலாயிரத்தால் ஆறு நாளில் ஒரு நாளும் திரும்பி வராது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவர் அறியாததா?

முன்பண விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதட்டும் என்று கேட்டோம். “அப்பா காரியம்னு போடுங்க” என்றார். நிர்வாகம் ஆயிரத்தைந்நூறு வெள்ளிக்கு மட்டும் ஒப்புக்கொண்டது. பத்து மாதத் தவணை. மீதிக்கு எங்கே போனார் என்று நாம் கேட்கவில்லை. பதினாறாம் நாள் லயத்து வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். படத்தில் அந்த முதியவர் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். நாமும் சென்று, மற்றவர்களோடு இலையில் அமர்ந்து உண்டுவிட்டு வந்தோம்.